பிரேக் பிடித்தது, ரோடு பிடிக்கவில்லை!

கிண்டியில் சாயங்காலத் தூறல். கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவில் ஒரு ஸ்கூட்டர் இறங்கி வருகிறது. ஓட்டுகிறவர் அப்பா. பின்னால் அம்மா. இருவருக்கும் நடுவில், பள்ளிக்கூடப் பையுடன் ஒரு சிறுமி.

முன்னால் போன பஸ் திடீரென்று நிற்கிறது. அப்பா பதறிப்போய் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறார். சக்கரம் நின்றுவிட்டது. ஆனால், வண்டி நிற்கவில்லை! சுழலாத சக்கரத்தோடு அது வழுக்கிக்கொண்டே போகிறது.

மூவரும் விழுந்து, காயம் இல்லாமல் எழுந்தால், அது அவர்கள் செய்த புண்ணியம்.

தூக்கிவிட ஓடி வருகிறவர்கள், "பிரேக் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்பார்கள். மழைக்காலத்தில் சென்னை ரோடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. தவறான பேச்சு! பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. ரோடுதான் பிடிக்கவில்லை.

சக்கரத்தை நிறுத்துவது பிரேக்கின் வேலை. வண்டியை நிறுத்துவது ரோட்டின் வேலை. டயருக்கும் ரோட்டுக்கும் இடையே உள்ள பிடிப்பை "உராய்வு" என்கிறார்கள். அந்தப் பிடிப்பு எவ்வளவோ, அவ்வளவுதான் கிடைக்கும். கையில் உள்ள பலத்தை எல்லாம் கூட்டி பிரேக்கை நெரித்தாலும், அதற்கு மேல் ஓர் இம்மி கூடக் கிடைக்காது.

வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. ஆனால், லைசென்சு கொடுக்கும்போது இதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. "எட்டு" போடச் சொல்கிறார்கள். காலை ஊன்றாமல் எட்டு போட்டால், பாஸ்!

பீரோவும் தேரும்

உராய்வின் குணம் வீட்டில் இருக்கிற பெண்களுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளை அடிக்கும்போது இரும்பு பீரோவை நகர்த்துகிறார்கள் அல்லவா? லேசாகத் தள்ளினால் அது அசையாது. தள்ளுகிற பலத்துக்குச் சமமான பலத்துடன் தரை எதிர்த்து நிற்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால், தரையின் எதிர்ப்பும் கொஞ்சம் கூடுகிறது. அந்த எதிர்ப்புக்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டியதும் பீரோ "கிறீச்" என்று கிளம்புகிறது. கிளம்பிய பிறகு அவ்வளவு பலம் தேவை இல்லை. முதல் அசைவுக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

உள்ளே இருக்கும் துணிமணிகளை எடுத்து வெளியே வைத்துவிட்டால், தள்ளுவது சுலபம். பாரம் குறைந்தால் உராய்வும் குறையும். இதை அமோந்தோன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1699-ம் ஆண்டில் எடுத்துச் சொன்னார். நம் வீட்டுப் பாட்டிகள் அவரைக் கேட்டுக்கொண்டா பீரோவைக் காலி செய்தார்கள்?

மயிலாப்பூரில் பங்குனித் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கும் இது தெரியும். நிலையை விட்டுத் தேர் கிளம்பும்போதுதான் வடம் பிடிப்பவர்களுக்கு முழுப் பலமும் வேண்டும். ஓடத் தொடங்கிய தேரை வடத்தால் நிறுத்த முடியாது. அதை நிறுத்துவது, சக்கரத்தின் அடியில் கொடுக்கும் முட்டுக்கட்டை. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆட்களின் கையைக் கவனித்தால் ஒன்று தெரியும். அவர்கள் சக்கரத்தின் போக்கைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டையைக் கொடுப்பார்கள். மோட்டார் பிரேக்குக்கும் அதே கை வேண்டும்.

ஏன்? உருளுகிற சக்கரம் ரோட்டைத் தேய்த்துக்கொண்டு போவதில்லை. மனிதன் காலை ஊன்றி ஊன்றி நடப்பதுபோல, டயர் ஒவ்வோர் இடமாக ஊன்றிக்கொண்டு போகிறது. அது அசையாத பீரோ மாதிரி; பிடிப்பு அதிகம். சக்கரம் பூட்டிக்கொண்டால், அது வழுக்கத் தொடங்கிய பீரோ! பிடிப்பு குறைந்துவிடும். ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

அதாவது, பயத்தில் பிரேக்கை நெரிக்கிறவர், கையில் இருக்கிற பிடிப்பையும் இழந்துவிடுகிறார்.

இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு

மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற வண்டி, காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்தபின் சுமார் 5 மீட்டரில் நிற்கும். 60 கிலோ மீட்டர் வேகம் என்றால், 10 மீட்டரில் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 20 மீட்டர் வேண்டும்! நிற்பதற்கு ஆகும் நேரம் இரண்டு மடங்கு. அந்த நேரத்தில் ஓடுகிற வேகமும் இரண்டு மடங்கு. ஈரிரண்டு நான்கு.

ரோடு நனைந்திருந்தால், அந்த 20 மீட்டர் சுமார் 35 மீட்டர் ஆகிறது. ஆபத்தைக் கண்ணால் கண்டு, கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியில் வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். மொத்தம் 52 மீட்டர். நான்கு பஸ்களை வரிசையாக நிறுத்தி வைத்தாலும் அவ்வளவு நீளம் வராது! இதுவும் நல்ல டயருக்குப் போட்ட கணக்கு. மொட்டை டயருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

மழை கொட்டும்போதைவிட, முதல் தூறல் மோசமானது. பல நாள் படிந்த தூசியும் எண்ணெய்க் கசிவும் தண்ணீரோடு சேர்ந்து ரோட்டில் வழவழப்பாகப் பரவுகின்றன. நல்ல மழை அதைக் கழுவிவிடும். தூறல் கழுவாது.

2008-ம் ஆண்டில் திறக்கப்பட்ட கத்திப்பாரா மேம்பாலத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அதன் சுற்று வழிகள் வளைந்து வளைந்து போகின்றன. வளைவில் வண்டி திரும்புவதற்கும் உராய்வு வேண்டும். நிற்பதற்கும் அதே உராய்வுதான் வேண்டும். ஒரே சம்பளத்தில் வாடகையும் கொடுத்து, மளிகையும் வாங்குவது போன்ற கதை இது. வளைவுக்குப் பெரும்பகுதியைச் செலவு செய்துவிட்டால், பிரேக்குக்கு மிச்சம் இருக்காது. போதாததற்கு, இறக்கத்தில் பூமி வேறு வண்டியைக் கீழே இழுக்கிறது. ஆகவே, வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போனபின் குறைக்கலாம் என்பது, கடன் வாங்கி வட்டி கட்டுகிற வேலை.

எட்டு மட்டும் போதுமா?

சர்க்கார் சும்மா இருந்துவிடவில்லை. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய ரக மோட்டார் சைக்கிள்களில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவி 2018-ம் ஆண்டு ஏப்ரல் முதல் கட்டாயம் ஆயிற்று. சக்கரம் பூட்டப்போகிறது என்றால், அந்தக் கருவி பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். முட்டுக்கட்டைக்காரர் செய்கிற வேலையை அது ஒரு வினாடிக்குள் பலமுறை செய்கிறது. நல்ல கருவிதான். ஆனால், அந்தக் கருவி இல்லாத ஸ்கூட்டர்களும் பழைய வண்டிகளும் ரோட்டில் ஏராளம். கருவி இருந்தாலும், இல்லாத உராய்வை அதனால் உண்டாக்க முடியாது.

கிண்டியில்தான், 1794-ல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்த என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. மரக்கட்டையை ஒரு பலம் இழுக்கிறது, உராய்வு தடுக்கிறது, கட்டை எங்கே நிற்கும் என்ற கணக்கு என்ஜினீயரிங் மாணவர்களுக்கு அரிச்சுவடி. கல்லூரி வாசலில் ஓடும் சர்தார் பட்டேல் ரோட்டிலோ, அதே கணக்கு உயிரோடு விளையாடுகிறது. அங்கே வண்டி ஓட்டுகிற காய்கறி வியாபாரியும், ஆபீஸ் குமாஸ்தாவும், பால்காரரும் அந்தக் கணக்கை எங்கே படிப்பார்கள்? அவர்கள் அனைவரும் கட்டாயம் எழுதுகிற ஒரே பரீட்சை, லைசென்சு பரீட்சைதான்.

ஆகவே, எட்டு போடுவதோடு நிற்கும் பரீட்சையும் வேண்டும். நனைத்த தரையில், 30 கிலோ மீட்டர் வேகத்தில் வந்து, சக்கரம் வழுக்காமல், ஒரு கோட்டுக்குள் நிறுத்திக் காட்ட வேண்டும். முன் பிரேக்கைத் தொட்டாலே வண்டி கவிழ்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்கு வருகிறது. ஆகவே முன் சக்கரத்துக்குத்தான் பிடிப்பு அதிகம். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, நிதானமாக அழுத்தப் பழகினால் அந்தப் பயம் தெளிந்துவிடும். அதற்குப் பழக ஓர் இடம் வேண்டாமா?

"பரீட்சைக்கு வந்தவர் விழுந்து அடிபட்டால் என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் உண்டு. விழட்டும்! தலையில் ஹெல்மெட், பக்கத்தில் சோதனை அதிகாரி, பின்னால் பஸ் கிடையாது. முதல் வழுக்கலை அங்கே பார்ப்பது நல்லதா, மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கத்திப்பாரா வளைவில் பார்ப்பது நல்லதா?

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. சமமான ஒரு மைதானம், ஒரு சுண்ணாம்புக் கோடு, ஒரு லாரித் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிட்டால், அந்தத் தண்ணீரும் இலவசம்.