பழைய ஓட்டலுக்குப் புது வேஷம்

அமெரிக்காவில் அனஹைம் என்று ஓர் ஊர். டிஸ்னிலேண்ட் இருக்கிற ஊர். அங்கே 15 மாடியில் ஓர் ஓட்டல் நிற்கிறது. 1984-ல் திறந்தபோது அதன் பெயர் 'எமரால்ட்'. அப்புறம் 'பான் பசிபிக்' ஆயிற்று. 1995-ல் டிஸ்னி கம்பெனி அதை விலைக்கு வாங்கியது, 'டிஸ்னிலேண்ட் பசிபிக்' ஆனது. 2000-ல் 'பாரடைஸ் பியர்'. 2024 ஜனவரி 30 முதல் 'பிக்ஸார் பிளேஸ்'. நாற்பது வருஷத்தில் ஐந்து பெயர்! கட்டடம் என்னவோ அதேதான். (நம்மூராக இருந்தால் மூன்றாவது பெயரிலேயே நியூமராலஜி ஜோசியரைக் கூட்டி வந்திருப்பார்கள்.)

இதில் நான்காவது பெயரின் கதை கொஞ்சம் பரிதாபமானது. டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்திலேயே 2001-ல் 'கலிபோர்னியா அட்வென்ச்சர்' என்று இரண்டாவது பூங்கா ஒன்றைத் திறந்தார்கள். அதில் பழைய காலத்துக் கடற்கரைப் பொருட்காட்சி மாதிரி ஒரு பகுதி, பெயர் பாரடைஸ் பியர். பக்கத்தில் இருந்த ஓட்டலுக்கும் அதே பெயர், அதே வேஷம். 2018-ல் பூங்காக்காரர்கள் அந்தப் பகுதியை 'பிக்ஸார் பியர்' என்று மாற்றிவிட்டார்கள். ஓட்டல் மட்டும் இல்லாத ஒன்றின் பெயரைச் சுமந்துகொண்டு ஐந்தரை வருஷம் நின்றது. கல்யாணம் முடிந்து, பந்தல்காரர் வந்து எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டு போன பிறகும், வாசலில் காய்ந்துபோன வாழைமரம் மட்டும் நிற்குமே, அப்படி.

சிங்கப்பெருமாள் கோவிலில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் யோசிக்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்தாயிற்று. சுமார் 600 கோடி ரூபாய் முதலீடு, நாற்பதுக்கு மேல் ராட்டினங்கள். ஜி.எஸ்.டி. சாலைக்காரர்களுக்கு இனி விடுமுறை என்றால் பஸ் கிழக்கே திரும்பும். ஈ.சி.ஆரில் 1970களில் இருந்தே வி.ஜி.பி. இருக்கிறது, 90களில் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்ட் வந்தது. அவற்றின் உள்ளேயும் பக்கத்திலுமாக ரிசார்ட், காட்டேஜ், ஓட்டல் என்று வரிசையாக எத்தனையோ. எதிர்க்கடையில் புதுசாக விளக்குப் போட்டால் பழைய கடைக்காரர் என்ன செய்வார்? பெயின்ட் டப்பாவை எடுப்பார். அடுத்த சில வருஷங்களில் அந்தச் சாலையில் "தீம் மாத்தலாமா சார்?" என்று டிசைனர்கள் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டத்தான் போகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் படத்தில் எப்போதும் வானம் நீலமாக இருக்கும். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பலூனோடு நடந்து போகும். உப்புக்காற்று மட்டும் அந்தப் படத்தில் வீசாது.

உண்மையான எதிரி அந்த உப்புக்காற்றுதான். கடலோரக் கட்டடம் எப்படிக் கிழடாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் முதல் ரூபாயை எங்கே போட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். பல வருஷம் வெளியில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் அது கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். இடம் போதாமல் உள்ளிருந்தே கான்கிரீட்டை நெட்டித் தள்ளும். முதலில் முடி மாதிரி ஒரு விரிசல், அப்புறம் அதில் பழுப்புக் கறை, அப்புறம் பால்கனிக்கு அடியில் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும். ஏ.சி.யின் வெளி யூனிட்டும் ஜன்னல் கம்பியும் குழாய் மூட்டும் இதே கதைதான், இன்னும் வேகமாக.

இந்த நிலையில் இருக்கிற சுவரின் மேல் ஃபைபரில் செய்த டைனோசர் தலையையோ, பைரேட் கப்பல் பலகையையோ அறைந்து வைத்தால் என்ன ஆகும்? விரிசல் மறையும். மறைந்தபடியே வளரும். ஜிப்ஸம் சீலிங் போட்டால் ஒழுகல் தெரியாது, ஒரு நாள் சீலிங்கே விழுகிற வரைக்கும். போதாததற்குப் பலகையும் பிளாஸ்டிக்கும் துணியும் சேரச் சேர நெருப்புக்குத் தீனி வேறு. வேஷம் கட்டுவதற்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும் என்பது கூத்துக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஓட்டல்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் இங்கே கேட்கப்படுவது.

"இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிட்டால் போகிறது" என்று சொல்வது சுலபம். கடலோரத்தில் அது நடக்காது. 1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைக் கொண்டுவந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. ஊர்ப்புறக் கடற்கரை என்றால் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது. ஏற்கெனவே முறையாக இருப்பதைப் பழுது பார்க்கலாம், அதே பரப்பளவுக்குள். 2011-லும் 2019-லும் புது அறிவிக்கைகள் வந்தன, சில இடங்களுக்குத் தளர்வும் கிடைத்தது, ஆனால் அடிப்படை அதுதான். ஆக, அலைக்குப் பக்கத்தில் நிற்கிற பழைய ஓட்டல், கடற்கரைக் கிழவர் மாதிரி. அவருக்கு மாற்றாக இன்னொருவரைக் கொண்டுவந்து உட்கார வைக்க முடியாது. வைத்தியம் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

சரி, வைத்தியம் முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், எந்த வேஷம் என்ற கேள்வி நிற்கிறது. இதற்கும் டிஸ்னியிடமே பதில் இருக்கிறது, வேடிக்கை! ஃப்ளோரிடாவில் 1971-ல் 'பாலினேஷியன்' என்று தென்கடல் தீவு பாணியில் ஓர் ஓட்டல் திறந்தார்கள். அதன் அறைகளை வேறோர் இடத்தில் பெட்டி பெட்டியாகச் செய்து, கிரேனால் தூக்கிவந்து அடுக்கினார்கள். அன்றைக்கு அது பெரிய புதுமை. இன்றைக்கும் அது தென்கடல் தீவுதான். 1985-ல் பெயரில் இருந்த 'வில்லேஜ்' என்ற சொல்லை எடுத்தார்கள், 2014-ல் திரும்ப ஒட்டிவிட்டார்கள். 2021-ல் அறைகளைப் புதுப்பித்தபோது 'மோவானா' படத்துச் சித்திரங்கள் உள்ளே வந்தன. மோவானாவும் தீவுப் பெண்தான், அதனால் வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி ஒட்டிக்கொண்டாள். நாளைக்கு அந்தச் சித்திரத்தை எடுத்துவிட்டாலும் ஓட்டல் ஓட்டலாக இருக்கும். ஆனால் 2014-ல் லாபியில் இருந்த பெரிய அருவியை எடுத்தார்கள் பாருங்கள், பழைய வாடிக்கையாளர்கள் துக்கம் காத்தார்கள். அறையில் கட்டில் மாறியதற்கு யாரும் அழவில்லை.

இதைச் சிங்கப்பெருமாள் கோவில்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பாடலாத்ரி நரசிம்மர் கோயில் குடைவரைக் கோயில். மூலவர் குன்றோடு குன்றாக இருப்பவர், அவரைச் சுற்ற வேண்டுமானால் குன்றையே சுற்ற வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் திருப்பணி நடக்கிறது. கோபுரத்துக்கு வர்ணம் மாறும், மண்டபம் வரும், ட்யூப் லைட் போய் எல்.இ.டி. வரும், கியூவுக்கு எவர்சில்வர் கம்பி வரும். எவ்வளவு பெரிய உபயதாரராக இருந்தாலும் அந்தப் பாறையில் கை வைக்க நினைக்க மாட்டார். ஒவ்வொரு பழைய ஓட்டலிலும் இப்படி ஒரு மூலவர் இருக்கிறார். அவர் யார் என்று முதலில் கண்டுபிடிப்பதுதான் டிசைனரின் வேலையில் பாதி.

வி.ஜி.பி.யை எடுத்துக்கொள்ளலாம். 'கோல்டன் பீச்' பிற்பாடு 'யுனிவர்சல் கிங்டம்' ஆயிற்று. சென்னையில் ஒரு வயதுக்கு மேற்பட்ட யாரைக் கேட்டாலும் இன்னமும் "கோல்டன் பீச்" என்றுதான் சொல்வார்கள். அங்கே போனவர்களுக்கு எந்த ராட்டினம் ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, சிலை மனிதன் ஞாபகம் இருக்கும். ராஜா காலத்துக் காவலாளி உடுப்பு, பெரிய மீசை, கண்ணைக்கூட அசைக்காமல் ஒரு மனிதர். சுற்றி நின்று பிள்ளைகள் ஜோக் அடிப்பார்கள், முறைப்பார்கள், கெஞ்சுவார்கள். ம்ஹூம்! எந்த சினிமாக் கம்பெனிக்கும் லைசென்ஸ் கட்டணம் கட்டாமல் கிடைத்த தீம் அது. கோடி ரூபாய் செலவழித்தாலும் அதை வாங்க முடியாது.

தாம்பரம் பக்கம் 90களில் கிஷ்கிந்தா வந்தபோது நவோதயா அப்பச்சன் வைத்த பெயரும் இந்த ஜாதிதான். இந்தியாவின் முதல் 3டி படமான 'மைடியர் குட்டிச்சாத்தான்' எடுத்தவர், அவருக்கு வெளிநாட்டுப் பெயர் கிடைக்காமலா போயிருக்கும்? வானர ராஜ்ஜியம் என்றார். பேரனுக்கும் புரிந்தது, பாட்டிக்கும் புரிந்தது.

ஆகவே உள்ளூர் விஷயமாக இருக்கட்டும் என்றால், உடனே வாசலில் ஒரு மாட்டு வண்டி, குடம் தூக்கிய சிமென்ட் பெண், ரிசப்ஷனில் அரிக்கேன் விளக்கு என்று கிளம்பிவிடுவார்கள். கிராமத்து தீமாம்! அதே மாட்டு வண்டியை ஜி.எஸ்.டி. சாலையில் பாதி மோட்டல் வாசலில் பார்க்கலாம். ஈ.சி.ஆருக்கு என்று சொந்தமாக இருப்பதே ஏராளம். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். ஆங்கிலத்துக்கே பெயர் கொடுத்த கட்டுமரம். இன்றைக்கும் உளிச்சத்தம் கேட்கிற மாமல்லபுரம். 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா, நிஜமான பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியது. இவை எதுவும் அடுத்த வருஷம் வேறொரு படம் ஹிட்டானால் பழசாகிவிடாது.

இன்னொன்று பணம். பாரிஸ் டிஸ்னிலேண்டின் வாசலிலேயே இருக்கும் ஓட்டலை ராஜகுடும்ப வேஷத்தில் புதுப்பித்து 2024 ஜனவரியில் திறந்தார்கள். இப்போது அது ஐந்து நட்சத்திர ஓட்டல். வாடகையும் அதற்கேற்ப. அவர்களுக்கு அது சரியாக வரலாம். இங்கே பூங்காவுக்கு வருகிறவர்கள் யார்? மறைமலை நகர் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர், செங்கல்பட்டு ஸ்கூல் டீச்சர், வேனில் வரும் விழுப்புரம் மாணவர்கள். புளிசாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு காலையில் வந்து, பிள்ளைகள் தூங்கி விழ விழக் கடைசி ட்ரெயினைப் பிடிக்கிறவர்கள். தீம் மாறியதும் அறை வாடகை மூன்று மடங்கானால் ஓட்டலின் தோற்றத்தோடு விருந்தாளியும் மாறிவிடுகிறார். டிஸ்னிகூட 1994-லேயே ஃப்ளோரிடாவில் 'ஆல்-ஸ்டார்' என்று குறைந்த வாடகை ஓட்டல்களைத் திறந்தது. ஒரு பிளாக்கையாவது வேஷமே போடாமல், சுத்தமான கட்டில், ஒழுகாத குழாய், வேலை செய்கிற மின்விசிறி என்று விட்டுவைத்தால் என்ன?

வேலை செய்கிறவர்கள் கதையும் உண்டு. "புதுப்பிப்புப் பணி நடைபெறுகிறது" என்று போர்டு மாட்டி ஒரு வருஷம் மூடினால், ரூம் பாய், சமையல்காரர், தோட்டக்காரர் எல்லோரும் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். திறக்கும்போது சுவர் புதுசு, ஆட்களும் புதுசு, பழைய விருந்தாளியின் முகம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கோயிலில் திருப்பணி என்றால் சுவாமிக்கு லீவு கொடுத்து அனுப்புவதில்லை. பாலாலயம் செய்கிறார்கள். சின்ன இடம்தான், ஆனால் தினப் பூஜை நிற்காது, வருகிறவர்களுக்குப் பிரசாதம் நிற்காது. ஓட்டலிலும் அப்படி ஒரு பிளாக்கைத் திறந்து வைத்து, மற்றதை ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம். மெதுவாகத்தான் நடக்கும், செலவும் கொஞ்சம் கூடும். சிலை மனிதன் அதுவரை வாசலில் நிற்கட்டும், அவருக்குத்தான் நிற்பது பழக்கமாயிற்றே.