அழுக்குத் தெரியட்டுமே!

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும் என்று பேச்சு எழுந்தால் போதும், ஹாலுக்கு என்ன கலர், வாசல் பக்கம் என்ன கலர் என்று குடும்பமே கூடி உட்கார்ந்து ஷேடு கார்டைப் புரட்டும். சமையலறை முறை வரும்போது மட்டும் பெயின்டர் ஒரு யோசனை சொல்வார். "கிச்சனுக்கு டார்க்கா போட்டுருங்கம்மா... அழுக்கு தெரியாது!" நாமும் தலையாட்டி விடுவோம். சில வீடுகளில் அந்தப் பேச்சுகூடக் கிடையாது. ஹாலுக்கு வாங்கியதில் மிச்சத்தை அங்கே பூசிவிட்டால் தீர்ந்தது.

இந்த 'அழுக்கு தெரியாது' வாதத்தைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சாப்பாடு தயாராகிற இடத்தில் அழுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெய் சுவரில் பிசுபிசுவென்று படிகிறது, அதில் தூசி ஒட்டுகிறது. அலமாரி மூலையில் கரப்பான் எச்சம். தொட்டிக்குப் பின்னால் ஈரம் ஊறிப் பூஞ்சை. கரும்பச்சைச் சுவர் அடித்தால் இதெல்லாம் போய்விடுமா? அங்கேயேதான் இருக்கும், நம் கண்ணுக்குப் படாது. கண்ணில் பட்டால்தானே துடைப்போம்?

அடுத்தது வெளிச்சம். எட்டடிக்கு ஆறடி சமையலறை, ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. பகல் பன்னிரண்டு மணிக்கே லைட் போட வேண்டியிருக்கிறது. அந்த இருட்டில்தான் கீரை ஆய்கிறோம், அரிசியில் வண்டு பார்க்கிறோம், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை இறக்குகிறோம். மாமியாரோ அம்மாவோ கூட நின்று சமைக்கிற வீடென்றால் இன்னும் கஷ்டம். இருபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணின் உட்திரைக்குப் போய்ச் சேர்கிறது. "பாட்டி சாதத்துல கல்லு" என்று பிள்ளைகள் முகம் சுளிப்பதற்கு முன்னால் சுவரைக் கொஞ்சம் பாருங்கள்.

சின்ன அறையில் வெளிச்சம் சுவருக்குச் சுவர் பந்து மாதிரி மோதி மோதித்தான் பரவும். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழுவதில் சுமார் 80 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பும். மூன்று முறை மோதிய பிறகும் நூற்றில் 51 பங்கு மிஞ்சும். 40 சதவிகிதம் திருப்புகிற நடுத்தரக் கலர் என்றால், அதே மூன்று மோதலில் மிஞ்சுவது 6 பங்கு! அடர்ந்த பச்சை, நீலமெல்லாம் முதல் மோதலிலேயே பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

'அப்ப பளீர் வெள்ளையே அடிச்சிடலாமா?' கூரைக்குத் தாராளமாக அடியுங்கள். பரணின் அடிப்பக்கத்துக்கும் சேர்த்து. மேடைக்கு மேலே இருப்பது பல வீடுகளில் அதுதான், நாமாகச் சொல்லாவிட்டால் விட்டுப் போய்விடும். ஆனால், வெயிலே எட்டாத அறையில் சுவருக்குச் சுத்த வெள்ளை அடித்தால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். துளி மஞ்சள் கலந்த வெள்ளை, க்ரீம், தந்த நிறம்... இவைதான் என் சிபாரிசு. வெளிர்பச்சையும் வெளிர்நீலமும் ஹாலுக்கு அழகு. சமையலறையில் அந்தச் சாயல் காய்கறி மேலும் விழுந்து, வாடினதா புதுசா என்று தடுமாற வைக்கும். எலுமிச்சை மஞ்சளும் வேண்டாம். நாலு சுவரும் ஒன்றுக்கொன்று மஞ்சளை வீசிக்கொண்டு, அட்டையில் பார்த்ததைவிட இரண்டு மடங்காகத் தெரியும். பிடித்த ஷேடுக்கு ஒரு படி வெளிறியதை வாங்குங்கள். முதலில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துக் காயவிட்டு, காலையில் ஒருமுறை, ராத்திரி லைட்டில் ஒருமுறை பாருங்கள். (அக்னி மூலைக்குச் சிவப்புதான் ராசி என்பவர்கள், சிவப்பில் நாலு டப்பா வாங்கி அடுக்கிக்கொள்ளலாமே!)

டிஸ்டெம்பர் தேய்த்துக் கழுவினால் தாங்காது. கழுவக்கூடிய எமல்ஷனில் லேசான மினுமினுப்பு உள்ளது போதும். ரொம்பப் பளபளப்பு, லைட் வெளிச்சத்தில் கண்ணைக் கூசும். சுவரில் நீர்க்கசிவு இருந்தால் அதைச் சரி செய்யாமல் எந்தக் கலர் அடித்தும் புண்ணியமில்லை.

கலரைவிட முக்கியமாக நான் சொல்ல நினைப்பது, பழைய பெயின்டைச் சுரண்டுகிற நாளைப் பற்றி. அந்தக் காலச் சமையலறைகளில் இடுப்பு உயரத்துக்கு ஆயில் பெயின்ட் அடித்திருப்பார்கள். கதவு, ஜன்னல் கம்பிக்கும் அதுதான். அந்த மஞ்சள், பச்சை, சிவப்பு ஆயில் பெயின்ட்களில் ஈயம் கலந்த நிறமிகள் சர்வ சாதாரணம். மத்திய அரசு 2016-ல் விதி கொண்டு வந்து, 2017 நவம்பரிலிருந்து பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் உள்ள வீட்டு உபயோகப் பெயின்ட்களுக்குத் தடை போட்டது. ஆனால், அதற்கு முன்னால் அடித்தது இன்னும் சுவரிலேதானே இருக்கிறது!

உப்புத்தாளை வைத்து வறட்டு வறட்டென்று தேய்த்தால் அது தூளாகிப் பறக்கும். தவழுகிற குழந்தை தரையில் கை வைத்து, அந்தக் கையையே வாயில் வைக்கும். ஈயம் சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், ரத்தசோகையும் வரும். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது. கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஆகவே, பழைய பெயின்ட் கெட்டியாக ஒட்டியிருந்தால் சுரண்டாமல் பிசுக்கை மட்டும் கழுவி, மேலே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். உரிந்து வருகிற இடத்தில் தண்ணீர் நனைத்து ஈரத்தோடு தேய்க்கட்டும். "டயம் ஆகும்மா" என்பார். ஆகட்டும். குழந்தைகளை நாலு நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். விழுந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு கட்டி எறியுங்கள். அரிசி டப்பாவும் பால் பாத்திரமும் தரையை இரண்டு முறை துடைத்த பிறகு உள்ளே வரட்டும்.