புண்ணாக்கிலிருந்து உறை செய்யலாமா?

கேள்வி: எங்களுக்குச் சொந்தமாகச் செக்கு இருக்கிறது. தேங்காய்ப் புண்ணாக்கிலிருந்து, கிருமி அண்டாத, மண்ணில் மட்கும் உறை தயாரிக்கலாம், எந்திரத்துக்கு முன்பணம் கட்டுங்கள் என்று ஒருவர் வந்து கேட்கிறார். மட்டிப்பழத்தை அதில் பொதிந்து விற்கலாமாம். நம்பலாமா?
- வாசகி, தோவாளை வட்டம்

பதில்: முன்பணம் கட்டாதீர்கள், சகோதரி. அவர் சொல்வது முழுப் பொய்யல்ல. அதனால்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புரதம் படலமாகக் கட்டுவது நமக்குத் தெரிந்ததுதான். காய்ச்சிய பாலில் ஆடை படிகிறதே, அதுதான். ஜப்பானில் சோயாப் பாலின் ஆடையை எடுத்து ‘யூபா’ என்று சமைக்கிறார்கள். புண்ணாக்கென்றால், காஸ்டிக் சோடா கலந்த நீரில் புரதத்தைக் கரைத்து, பிறகு ஆசிட் விட்டுத் திரிய வைத்துப் பிரிக்க வேண்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறைய வைப்பதுபோல. அந்தப் புரதம் காய்ந்தால் அப்பளமாக நொறுங்கும். வளைந்து கொடுக்கக் கிளிசரின் சேர்ப்பார்கள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். மாடு தின்னும் புரதத்தைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்னும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் அந்த உறை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், பூசணம் பிடிக்கும். ரப்பர் ஷீட்டையே புகை போட்டுத்தானே காப்பாற்றுகிறோம்?

ஆய்வகங்களில் இதற்கு இரண்டு வழி பார்க்கிறார்கள். ஒன்று, கிராம்பு எண்ணெய் போன்றதைக் கலப்பது. மாறாமலைக் கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் கிருமியைக் கொல்லும். ஆனால் நாளடைவில் ஆவியாகிவிடும். பழத்திலும் வாசம் ஏறும். இன்னொன்று, புரதச் சங்கிலியிலேயே நேர்மின் தன்மையுள்ள வேதிக்கூறுகளை ஒட்டவைப்பது. பாக்டீரியாவின் மேல்தோல் எதிர்மின் தன்மை கொண்டது. உறையில் பட்டதும் இழுபட்டு, தோல் சிதைந்து செத்துப்போகும். சங்கிலியோடு பிணைந்திருப்பதால் அந்தக் கூறு எளிதில் பழத்தில் இறங்காது. இது நல்ல வழிதான். ஆனால் அளவு கூடினால், குப்பைக்குழியில் அதை மட்க வைக்க வேண்டிய நுண்ணுயிர்களும் கிட்ட வராது. கடையில் கெடாமலும் குழியில் கெடும்படியும் அளவு பிடிப்பதற்கு ஆய்வகமே திணறுகிறது. செக்காலையில் ஒரு எந்திரத்தை இறக்கிச் செய்கிற காரியமல்ல.

அவரிடம் இரண்டு தாள் கேட்டுப் பாருங்கள். மட்கும் பிளாஸ்டிக் என்று விற்பதற்கு ஐ.எஸ். 17088 தரச் சோதனையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் வேண்டும். அடுத்தது, உறையிலிருந்து உணவில் எவ்வளவு இறங்குகிறது என்ற சோதனை அறிக்கை. பிளாஸ்டிக் உறைகளுக்கு 2018 விதிப்படி கிலோவுக்கு 60 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. உறையை எதைக்கொண்டு இறுக்குகிறார் என்றும் கேளுங்கள். ஃபார்மலின் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். முன்பு பிரிட்டனில் நிலக்கடலைப் புரதத்தில் ‘ஆர்டில்’ என்ற நூல் செய்தபோது அதைத்தான் சேர்த்தார்கள். அது துணிக்கு, தின்னும் பழத்துக்கு ஆகாது.

கணக்கும் இடிக்கிறது. கடலைப் புண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு 40க்கு மேல். தேங்காய்ப் புண்ணாக்கில் 20 சொச்சம்தான். புரதம் எடுத்தபின் மிஞ்சும் சக்கையில் சோடாவும் உப்பும் ஏறியிருக்கும், அப்படியே மாட்டுக்கு வைக்க முடியாது. இன்று தீவனமாக விற்றுக் கைக்கு வரும் காசும் போய்விடும்.

மட்டிப்பழத்தை எந்த உறையில் இறுக்கி மூடினாலும் வேர்க்கும். பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது. கடவத்தில் வாழைச்சருகு போட்டு அடுக்குவதே போதும். உறைத்தொழிலில் ஆர்வம் இருந்தால், தஞ்சாவூர் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் விசாரியுங்கள். எந்திரக்காரரை அதுவரை காத்திருக்கச் சொல்லுங்கள்.