வேட்டைக்குச் செல்லும் வண்டி

ஹெமிங்வேயின் 'கிரீன் ஹில்ஸ் ஆஃப் ஆப்ரிக்கா' (1935) ஒரு லாரியின் சத்தத்தோடுதான் தொடங்குகிறது. தாங்கனிக்காவில், விலங்குகள் உப்பு நக்க வரும் தரையருகே மறைவிடம் அமைத்துக் காத்திருக்கிறார்கள். தொலைவில் வரும் லாரியின் இரைச்சல் அன்றைய காத்திருப்பைப் பாழாக்கிவிடுகிறது. அந்த லாரி ஓசையற்ற மின்மோட்டாரில் ஓடியிருந்தால் என்னவாகியிருக்கும்? இன்று அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் மான் பருவத்துக்கு முன் ஹைபிரிட் எஸ்யூவி வாங்கக் கிளம்புகிறவரின் மனத்தில் ஓடுவது ஏறத்தாழ இந்தக் கேள்விதான்.

வேட்டை சரியா தவறா என்ற வழக்குக்குள் நாம் இங்கே நுழையவில்லை. ஐடஹோவிலும் மொன்டானாவிலும் அது உரிமம் பெற்று, பருவம் பார்த்துச் செய்யப்படுவது. இறைச்சி பெரும்பாலும் வீட்டுக்குத்தான் போகிறது. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். அதைத் துண்டுபோட்டு, பல நடையாக முதுகில் சுமந்து வந்தவருக்கு வண்டி இன்னும் கொஞ்சம் அருகில் நின்றிருக்கக் கூடாதா என்று தோன்றுவது இயல்பே. அந்த ஆசையைத்தான் விற்பனையாளர்கள் விலை பேசுகிறார்கள்.

ஹைபிரிட் என்ற ஒரே பெயருக்குள் இருவேறு இயல்புள்ள வண்டிகள் இருக்கின்றன. டொயோட்டா ராவ்4 ஹைபிரிட்டில் எஞ்சினிலிருந்து பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டே கிடையாது. பின்னச்சைத் தனியாக ஒரு சிறு மின்மோட்டார் சுழற்றுகிறது. பனி படிந்த சாலைக்கும் சரளைப் பாதைக்கும் இது போதும். நீண்ட செங்குத்தான ஏற்றத்தில், சேற்றில், ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போது பின்சக்கரங்களுக்கு முழு விசையையும் இதனிடம் எதிர்பார்க்க முடியாது. 2024 மாடலாக அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பிய லேண்ட் குரூஸர் வேறு இனம். அதில் மின்மோட்டார் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. இரண்டின் விசையும் சேர்ந்து பழைய முறைப்படியே தண்டுகள் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. மெதுவாக ஏறி இறங்குவதற்கான தாழ்கியரும் உண்டு. இதற்கான விலை எரிபொருளில் தெரியும். அரசுச் சோதனைக் கணக்கில் அண்மைய ராவ்4 ஹைபிரிட்கள் லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தருகின்றன. லேண்ட் குரூஸர் 10ஐக்கூட எட்டுவதில்லை. 2021 மாடலிலிருந்து வந்த ஜீப் ராங்ளர் 4எக்ஸ்ஈ, வீட்டிலேயே மின்னேற்றிக்கொண்டால் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் பெட்ரோலின்றி ஓடக்கூடியது. ஆனால் உறைபனிக் காலையில் அந்தக் கணக்கு சுருங்கிவிடும். எல்க் பருவம் பெரும்பாலும் குளிரில்தானே வருகிறது.

நிற்க. ஓசையின்மைக்கு வருவோம். இதை ஒரு தகுதியாகச் சொல்லி வண்டி விற்பது நமக்கு உவப்பாக இல்லை. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம் காலங்காலமாக வலியுறுத்திவரும் நெறி, விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது. வண்டியிலிருந்து சுடுவதைப் பெரும்பாலான மாநிலங்கள் தடைசெய்திருக்கின்றன. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், அவ்வாறு அறிவிக்கப்பட்ட நிலங்களுக்குள் மோட்டார் வண்டியையே விடுவதில்லை. மின்மோட்டாராயினும் விலக்கில்லை. தவிரவும், மான் அஞ்சுவது இரைச்சலுக்கு மட்டுமா? ஓரிகானின் ஸ்டார்க்கி ஆய்வுக்காட்டில் பல்லாண்டுகளாக நடந்த ஆய்வுகளில், வண்டிகள் போகும் பாதைகளை விட்டு எல்க்குகள் விலகிப்போவது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. சத்தமில்லாத வண்டி வந்தால், அந்தப் பாதையில் இன்னும் பத்து வண்டிகள் சத்தமில்லாமல் வரும்.

ஃபாக்னர் இதை முன்பே கண்டவர். 'கோ டவுன், மோசஸ்' (1942) நூலிலுள்ள 'டெல்டா ஆட்டம்' கதையில் கிழவர் ஐசக் மெக்காஸ்லின், வண்டி கட்டிப் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்த காடு, இப்போது காரில் நெடுந்தூரம் விரைந்தாலும் விலகிப்போய்க்கொண்டேயிருப்பதைப் பார்த்துக்கொண்டு வருகிறார். நல்ல சாலையும் நல்ல வண்டியும் காட்டை அருகில் கொண்டுவரவில்லை. அந்தக் கதையைப் படித்தவர் எஸ்யூவி விளம்பரத்தில் வரும் மலைமுகட்டை முன்போலப் பார்க்க முடியாது. (எழுதும் நமக்கும் அந்த விளம்பரங்கள் பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.)

ஆகவே நம் துணிபு இது. காட்டுச்சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கிறவருக்கு, வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் அப்படித்தான், ராவ்4 வகையே போதுமானது. மிச்சமாகும் பெட்ரோல் இன்னொரு பயணத்துக்கு உதவும். கேரவன் இழுப்பவரும், பாதை கரைந்துபோன மலைச்சரிவுகளில் ஆண்டுதோறும் செல்கிறவரும் மட்டும் தாழ்கியருள்ள வண்டிக்குச் செலவழிக்கலாம். அதுவும் எரிபொருள் சிக்கனம் என்ற பெயரில் வேண்டாம்.

இரு சிறு செய்திகள். ராவ்4 ஹைபிரிட்டின் மின்கலன் பின்னிருக்கையின் அடியில் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று இருக்கையின் கீழுள்ள துவாரம் வழியாகவே போகிறது. வேட்டைநாயின் மயிரும் சரளைப் புழுதியும் அங்கே அடைத்துக்கொள்ளும்; வடிகட்டியை அவ்வப்போது கழற்றித் துடைக்காவிட்டால் மின்கலன் சூடேறும். இன்னொன்று, மின்கலனுக்கு இடம்விடுவதற்காகப் பல ஹைபிரிட்களில் மாற்றுச்சக்கரத்தையே எடுத்துவிட்டு, பசைக்குப்பி ஒன்றை வைத்துவிடுகிறார்கள். கூர்ங்கல் டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டால் அந்தக் குப்பியால் பயனில்லை. கைபேசி எட்டாத பள்ளத்தாக்கில் இது நேரலாம். கடைக்குப் போனதும் எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு முன், பின்கதவைத் திறந்து தரைப்பலகையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.