ஏழடி அகலத்தில் ஏழு பேர்

தாத்தா பாட்டி ஊருக்கு லீவுக்குப் போக நாம் பஸ் பிடிப்போம். இங்கிலாந்தில் என் ஆபீஸ் நண்பனின் பிள்ளைகளோ, 'தாத்தா, இப்ப எந்த ஊர்ல இருக்கீங்க?' என்று போன் போட்டுக் கேட்க வேண்டும். அவர்கள் குடியிருப்பது படகில். நிரந்தரமாகக் கட்டிப்போட இடம் இல்லாத படகு, ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்று 1995-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். (நம்ம ஹவுஸ் ஓனர்கள் காதில் போட்டுவிடாதீர்கள்!)

போன கோடையில் நானும் ஒட்டிக்கொண்டேன். கென்னட்-ஏவன் கால்வாய். படகின் அகலம் ஏழடிகூட இல்லை. ஒருத்தர் பாத்ரூம் போக, இன்னொருத்தர் படுக்கையை மடிக்கணும். வேகம் மணிக்கு 4 மைலைத் தாண்டக்கூடாது. கரையில் நாயோடு நடந்த ஒரு மாமி எங்களை ஓவர்டேக் செய்தார்!

டெவைசஸ் பக்கத்தில் கேன் ஹில். இரண்டு மைலில் 29 மதகுகள், 237 அடி ஏற்றம். படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, இரும்புக் கைப்பிடியைச் சுற்றித் தண்ணீர் விட்டால், லிஃப்ட் மாதிரி மேலே வரும். கதவைத்தான் முதுகு கொடுத்துத் தள்ளணும்.

பன்னிரண்டாவது மதகில் தாத்தா உட்கார்ந்துவிட்டார். முழங்கால்.

"வித்துடலாம்ப்பா" என்றான் நண்பன். பாட்டி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

தாத்தா கைப்பிடியைப் பேத்தியிடம் நீட்டினார். "இன்னும் பதினேழு பாக்கி. அப்புறம் பேசலாம்."

பதினேழையும் அவளும் நானும் முடித்தோம். மேலே போனதும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் ஆபீஸில் எனக்குத்தான் கை தூக்க வரவில்லை.