நுண்ணளவு போதைக்குச் சான்று எங்கே?

எல்.எஸ்.டி., சைலோசைபின் காளான் போன்றவற்றை, போதை தரும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சில நாட்களுக்கு ஒருமுறை உட்கொண்டால் மனச்சோர்வு நீங்கும், கவனம் கூர்மையாகும் என்ற நம்பிக்கை, ஜேம்ஸ் ஃபேடிமன் 2011இல் எழுதிய நூலுக்குப் பிறகு அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பங்கேற்ற 191 பேரும் எந்த மாத்திரை உறையில் (கேப்சூல்) மருந்து இருக்கிறது, எது வெற்று உறை என்று தங்களுக்கே தெரியாதபடி கலந்து வைத்து நான்கு வாரம் விழுங்கினார்கள். மருந்து எடுத்தவர்களின் மனநலம் மேம்பட்டது உண்மைதான். ஆனால் வெற்று உறை விழுங்கியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு மேம்பட்டது! தான் விழுங்கியது மருந்துதான் என்று ஊகித்தவர்களே நன்மையை அதிகம் உணர்ந்தார்கள்.

நம்பிக்கையால் வந்தாலும் நிம்மதி நிம்மதிதானே, துளி அளவு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இந்தப் பொருட்கள் இதய வால்வுகளில் உள்ள ஒருவகை செரட்டோனின் ஏற்பியையும் தூண்டக்கூடியவை. அதே ஏற்பியைத் தூண்டிய ஃபென்ஃப்ளூரமின் என்ற எடைக்குறைப்பு மருந்து, வால்வுகளைக் கெடுத்ததால் 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நுண்ணளவும் அப்படிக் கெடுக்கும் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் மாதக்கணக்கில் உட்கொண்டாலும் பாதுகாப்பானது என்றும் நிரூபணமாகவில்லை. முழு அளவு சைலோசைபின் மனச்சோர்வுச் சோதனைகளில் நல்ல பலன் காட்டியதே என்பார்கள். அங்கே சிகிச்சையாளர் உடனிருக்கிறார், அளவும் தூய்மையும் உறுதி செய்யப்படுகின்றன. கள்ளச்சந்தையில் வாங்கிய துளிக்கு அந்தச் சான்று பொருந்தாது. நுண்ணளவை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துகிறவர்களை எண்ணித்தான் எனக்குப் பெரும் கவலை.