சங்கு ஏன் ஊதவில்லை?

2020-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி விடியற்காலை. விசாகப்பட்டினத்தை அடுத்த வெங்கடாபுரத்தில் ஜனங்கள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து கிளம்பிய ஸ்டைரீன் ஆவி வீடுகளுக்குள் புகுந்தது. ஓடியவர்கள் தெருவிலேயே மயங்கி விழுந்தார்கள். 12 பேர் மாண்டனர்.

ஆலையில் அபாயச் சங்கு இல்லாமலில்லை. அதை 36 இடங்களிலிருந்து ஊதச் செய்யலாம். ஓரிடத்திலிருந்தும் ஊதப்படவில்லை என்று ஆந்திர சர்க்கார் அமைத்த உயர்மட்டக் கமிட்டியே கூறிற்று. சுவரில் பொத்தான் இருந்து பயனென்ன? கை அதற்குப் பழகியிருக்க வேண்டும். ஊராரும் பழகியிருக்க வேண்டும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்வது. காற்றடிக்கும் திசையில் ஓடினால் கூடவே வரும். குறுக்கே விலகி மேட்டுக்கு ஏற வேண்டும். இதை அந்த ஜனங்களுக்கு முன்னமே யார் பழக்கினார்கள்?

சட்டம் இருக்கிறது. 1984-ல் போபாலில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தபின் 1989-ல் வந்த விதிகளின்படி, பேரபாய ஆலைகளுக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், வெளியே ஊருக்கான திட்டத்துக்கு வருஷம் ஒருமுறையும் ஒத்திகை நடக்க வேண்டும். பல இடங்களில் அது எப்படி நடக்கிறது? முன்கூட்டியே நாள் குறிப்பார்கள். போட்டோ பிடிப்பார்கள். "திருப்திகரம்" என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு இதைவிட அதிகம் யோசிப்பார்கள்!

ஒத்திகையின் உயிர் அது முடிந்தபின் கூடும் கூட்டத்தில் இருக்கிறது. வியர்வை காயுமுன் எல்லோரும் உட்கார வேண்டும். தொழிலாளி, தீயணைப்புப் படை, ஆஸ்பத்திரி சிப்பந்தி, எல்லோரும். முதலில் பார்த்தது யார்? எத்தனை நிமிஷத்தில் சொன்னார்? குழாய் ஏன் முறுக்கிக்கொண்டது? முகமூடி அலமாரியின் சாவி யாரிடம்? கடைநிலைத் தொழிலாளி முதலில் பேசட்டும், மானேஜர் கடைசியில் பேசட்டும்.

ஒன்று நிச்சயம். இன்று உண்மை சொன்னவனுக்கு நாளை மெமோ என்றால், அடுத்த ஒத்திகையில் "எல்லாம் சரி" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. நிஜ விபத்தில் குற்றவாளியைத் தண்டிக்கும் விசாரணை வேறு, இது வேறு. இங்கே சொன்னதற்காக யார்மீதும் நடவடிக்கை இல்லையென்று நிர்வாகம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

காண்டிராக்ட் தொழிலாளரையும் சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளரையும் ஒத்திகையில் சேர்க்க வேண்டும். இரவு ஷிப்டிலும் அதை நடத்த வேண்டும். கூட்டத்தில் கண்ட குறைகளை வாசலில் ஒட்டி, ஒவ்வொன்றையும் எந்தத் தேதிக்குள் யார் சரிசெய்வதென்று எழுத வேண்டும். அந்தப் பட்டியலின் நகலைச் சங்கங்கள் இந்த மாதமே கேட்டு வாங்கட்டும்.